வாயை மட்டும் அசைத்த இரண்டு வருஷம்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புதுச்சேரியில் ஒரு கொயரில் (பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பாடுகிற குழு) நான் இரண்டு வருஷம் பாடகனாக இருந்தேன். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், கையில் கறுப்பு ஃபைல், பாட்டு முடிந்ததும் குனிந்து வணக்கம், எல்லாம் உண்டு. பாட்டு மட்டும் கிடையாது. ஆரம்பத்தில் சில வாரம் போக, அந்த இரண்டு வருஷத்தில் என் தொண்டையிலிருந்து ஒரு சொட்டுச் சத்தம் வெளியே வந்ததில்லை. வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். (சாமி ஊர்வலத்தில் தோள் கொடுக்காமல் பல்லக்கைச் சும்மா தொட்டுக்கொண்டே நடப்பார்களே சில பேர், அந்த ரகம் நான்.)

எனக்கு ஏசி மெக்கானிக் வேலை. வீடு மூலக்குளம். அப்பா மில்லில் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய மனுஷன் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். அவரைப் பார்த்து வளர்ந்த நாங்கள் எல்லோருமே உப்பு கேட்டால்கூட தெருமுனைக்குக் கேட்கும். என் கேடுகாலம் அந்தக் குரலில்தான் ஆரம்பித்தது.

கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு நடனப் பள்ளியின் மாடி. ஏசியிலிருந்து பியானோ மேல் தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் ஏணி மேல் நின்றுகொண்டு, கீழே இருந்த வாட்ச்மேனுக்கு, "அண்ணே, மெயினை ஆஃப் பண்ணுங்கண்ணே!" என்று ஒரு குரல் விட்டேன். ஹாலின் மறுகோடியில் பாடிக்கொண்டிருந்த பதினைந்து பேரும் கப்பென்று நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மா ஏணியடிக்கு ஓடிவந்து, மார்பில் கையை வைத்துக்கொண்டு, பிரெஞ்சில் என்னமோ சொன்னார். திட்டுகிறார் என்று நினைத்து இறங்கினேன்.

"திட்டல தம்பி," என்றார் பின்னாலேயே வந்த உயரமான பெரியவர். "உங்க குரல் பாதாளத்துலேர்ந்து வருதாம். இந்த மாதிரி குரலத்தான் தேடிட்டிருந்தாங்களாம். உங்கள விடமாட்டாங்களாம்."

அந்தப் பெரியவர்தான் மொரிஸ் அண்ணன். பிரெஞ்சு சர்க்கார் ஆபீஸ் எதிலோ வேலை பார்த்து ரிடையர் ஆனவர். பாரீஸில் முப்பது வருஷம் இருந்தும் கைலி கட்டுவதை விடாதவர்.

விடமாட்டேன் என்று அந்த அம்மா சொன்னதில் என் பெருமை ஒன்றுமில்லை. அந்த மாதிரிப் பாட்டு நாலு குரலாகப் பிரிந்து பாடவேண்டியது. அதில் ஆகக் கீழே இருக்கிற குரலுக்குப் பேஸ் என்று பெயர். கொயரில் பெண்கள் பதினோரு பேர், பேஸுக்குச் சற்று மேலே டெனர் பாடும் ஆண்கள் இரண்டு பேர், பேஸ் இரண்டு பேர். ஆம்பளைக் குரலுக்கு அங்கே அவ்வளவு பஞ்சம். மீசை வைத்த எவன் மாடி ஏறினாலும் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். ஏறினவன் நான்.

எங்களுக்கென்று சொந்தமாக ஒரு கண்டக்டர் கிடையாது. கண்டக்டர் என்றால் எதிரே நின்று கையை அசைத்துப் பாட வைப்பவர். ("விசிலு ஊதுவாரா?" என்று என் மாமியார் அன்றைக்கே கேட்டுவிட்டார். அந்த ஜோக் அதோடு முடிந்தது, நீங்கள் மறுபடி ஆரம்பிக்காதீர்கள்.) கொயரை ஆரம்பித்து வைத்த மியூசிக் டீச்சர் மகனோடு வெளிநாடு போய்விட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோருமே கெஸ்ட் கண்டக்டர்கள்தான். யோகா கற்றுக்கொள்ள, ஊர் சுற்றிப் பார்க்க, வயிற்றைச் சரிபண்ணிக்கொள்ள என்று புதுச்சேரிக்கு வருகிறவர்களில் யாருக்காவது சங்கீதம் தெரிந்திருந்தால் போதும், பிடித்து எங்கள் முன்னால் நிறுத்திவிடுவார்கள்.

ஏணியடிக்கு ஓடிவந்த அம்மா எங்களைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றின் மேல் புத்தகம் வைத்துப் பாடச் சொன்னார். (மூன்றாம் நாள் ஒரு டெனர்காரர் குறட்டை விட்டார்.) அடுத்து வந்தவர், படுத்தவன் எவனும் பாடமாட்டான், நில் என்றார். ஒருத்தர் சிரித்த முகமாகப் பாடச் சொன்னார். அவருக்குப் பின்னால் வந்தவர், இது இரங்கல் பாட்டு, பல்லைக் காட்டாதே என்றார். ஒருத்தர் கையை மடக்கினால் நிறுத்த வேண்டும், இன்னொருத்தர் கையை மடக்கினால் இழுக்க வேண்டும். பழக்கிவிட்டு விசா முடிந்து போய்விடுவார்கள். நாங்கள் போனவருக்குப் பழகின சிரிப்போடு வந்தவர் முன்னால் நிற்போம்.

இரண்டாவதாக வந்தவர்தான் என் வாயை அடைத்தவர். மார்சேல் பக்கத்து மனுஷர். ஒல்லியாக இருப்பார். நாங்கள் பாடும்போது கண்ணை மூடிக்கொண்டு எங்கள் நடுவே நடப்பார். யார் பக்கத்திலாவது நின்றால் அவருக்கு முகம் சுருங்கும். என் பக்கத்தில் நிறைய நேரம் நின்றார். ஒரு சனிக்கிழமை பிராக்டிஸ் முடிந்ததும், சலங்கையும் நடன டிரஸ்ஸும் வைக்கிற பக்கத்து அறைக்குச் சில பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மொரிஸ் அண்ணன் போய்விட்டு வந்தார். அடுத்தது நான்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. என் தொண்டையைக் காட்டினார். வருத்தமாகத் தலையை ஆட்டினார். பிறகு தன் வாயை மீன் மாதிரித் திறந்து திறந்து மூடிக் காட்டினார். உதட்டில் விரலை வைத்தார். என் தோளைத் தட்டிக் கை கொடுத்தார். எந்த ஊரிலும் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

வெளியே வந்தேன். "என்ன தம்பி சொன்னான்?" என்றார் மொரிஸ் அண்ணன்.

"மூச்சு விடறதப் பத்தி சொன்னாருண்ணே."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "ம். எனக்கும் அதேதான்," என்றார்.

மானமுள்ளவன் அன்றோடு நின்றிருப்பான். நான் நிற்கவில்லை. ஏன் என்று செல்வி (என் மனைவி) பல தடவை கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் அந்த மாடியில் நிற்கிற ஒன்றரை மணி நேரம்தான் வாரத்திலேயே யாரும் என்னிடம் "கூலிங் வரல" என்று சொல்லாத நேரம். நாலு குரலும் சேர்ந்து எழும்போது நடுவில் நிற்கிறவனுக்கு உடம்பு சிலிர்க்கும். அதற்குப் பாட வேண்டும் என்று அவசியமில்லை, நின்றால் போதும். மொரிஸ் அண்ணன் வேறு இருந்தார். இடைவேளையில் பிளாஸ்கிலிருந்து எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்து, வந்திருக்கிற புதுக் கண்டக்டர் என்ன சொல்கிறார் என்று தமிழில் சொல்லுவார். பாட்டெல்லாம் லத்தீனில் இருக்கும். அதை எனக்காகத் தமிழ் எழுத்தில் நீல மையால் முத்து முத்தாக எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார். வாங்கி ஃபைலில் பத்திரமாக வைத்துக்கொள்வேன், படிக்க மாட்டேன். வாயை அசைக்கிறவனுக்கு எழுத்து எதற்கு?

என் வாய்க்கு வழிகாட்டி வேறு ஆள். பேஸ் வரிசையில் மொரிஸ் அண்ணன் அந்த ஓரம், நான் இந்த ஓரம், நடுவில் கஸ்பார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. அவர் பாடினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அவருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ யார் பாடுகிறார்கள், யார் பாடவில்லை என்று கடவுளே இறங்கி வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கஸ்பார் வாய் எப்படிப் போகிறதோ அப்படியே என் வாயும் போகும். இரண்டு வருஷம் நிம்மதியாக ஓடியது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த மொரிஸ் அண்ணன் எழுந்திருக்கவில்லை. நான் அப்போது ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஏசி அவுட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. ஸ்பேனரை அங்கேயே போட்டுவிட்டு நனைந்துகொண்டே போனேன். கூச்சமில்லாமல் சொல்கிறேன், எங்கள் அப்பா போனபோதுகூட நான் அவ்வளவு அழவில்லை. எனக்கு அந்தக் கடற்கரைப் பக்கத்தில் காபி ஊற்றிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசிய ஒரே ஆள் அவர்தான். மற்ற வீடுகளில் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாக வரச் சொல்லுவார்கள்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி தெரேஸ் மதாம் பிராக்டிஸுக்கு வந்தார். சைகோனில் பிறந்து, பாரீஸில் வேலை பார்த்து, ரிடையர் ஆன பிறகு கணவரோடு ஊர் திரும்பியவர். சாம்பல் நிறக் கவுன், கையில் மடித்த கைக்குட்டை. முப்பதாம் நாள் நினைவுக்கு நாங்கள் பாட வேண்டும் என்று கேட்டார்.

"நாலு வருஷமா உங்க எல்லா நிகழ்ச்சிக்கும் முதல் வரிசைல வந்து உக்காந்தேன்," என்றார். "இத்தன பேர்ல அவர் குரல் எதுன்னு ஒரு நாளும் எனக்குப் பிரிஞ்சு கேக்கல. கடைசியா ஒரு பாட்டு பழகிக்கிட்டிருந்தாரு. அதுல பேஸ் மட்டும் தனியா நாலு வரி பாடுற இடம் இருக்காமே. அவர் பாடுற அந்த நாலு வரிய நான் கேக்கணும். அது போதும்."

பிறகு நேராக என்னைப் பார்த்தார். "உங்களப் பத்தி வீட்ல நெறைய சொல்லுவாரு தம்பி. பாவம், நல்லா கத்துக்கறான்னு சொல்லுவாரு. நீங்க பாடுங்க."

"எனக்குப் பாட வராது மதாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நாலே வார்த்தைதான். "கண்டிப்பா மதாம்" என்றேன். என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம், கஸ்பார் இருக்கிறாரே என்ற தைரியம்.

அந்தச் சமயம் வந்திருந்த கெஸ்ட் கண்டக்டர் எலன் என்கிற அம்மா. அதிர்ந்து பேச மாட்டார். அவர் குரலைவிட வெளியே மழைச் சத்தம் பெரிதாகக் கேட்கும். நாள் குறைவாக இருந்ததால் சனிக்கிழமையோடு மற்ற நாளும் சேர்த்து மொத்தம் ஒன்பது பிராக்டிஸ். மொரிஸ் அண்ணன் நின்ற இடத்தைக் காலியாக விட்டு, அவர் ஃபைலை ஒரு நாற்காலியில் வைத்திருந்தோம். கஸ்பார் அந்த நாலு வரியையும் அதிர அதிரப் பாடினார். நான் பக்கத்தில் வாயசைத்தேன். எலன் அம்மா என் பக்கம் காதைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். மாட்டினோம் என்று நினைத்தேன். ஆறாவது நாள், பெண்கள் வரிசையில் பாடுகிற, பிரெஞ்சு தெரிந்த ஜெயந்தி டீச்சரைக் கூப்பிட்டு எனக்குச் சொல்லச் சொன்னார்.

"குணா, உங்க குரல் தனியாவே தெரியலையாம்," என்றார் டீச்சர். "பக்கத்து ஆள் குரலோட அவ்வளவு அழகா கலந்துடுதாம். கொயர்ல அதான் ரொம்பக் கஷ்டமாம். எல்லாரும் குணாவப் பாத்துக் கத்துக்கணும்னு சொல்றாங்க."

பதினாலு பேரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

அந்தக் கைதட்டலை வீட்டில் போய்ச் சொன்னதுதான் என் அழிவு. அதுவரை செல்வி எந்த நிகழ்ச்சிக்கும் வந்ததில்லை. இந்தத் தடவை மாமியார், மகள் யாழினி, மச்சான் குமார், எதிர்வீட்டு அக்கா என்று இரண்டு ஆட்டோ நிறைய ஆள் சேர்த்துவிட்டாள். குமார் வீடியோ எடுக்க செல்போன் ஸ்டாண்டோடு வந்தான்.

மாதா கோவிலை ஒட்டிய ஹால். சாயங்காலம் ஐந்து மணி, நல்ல மழை. முன்னால் மொரிஸ் அண்ணன் படம், மெழுகுவர்த்தி. முதல் வரிசையில் தெரேஸ் மதாம். நாங்கள் பக்கத்து அறையில் வரிசை கட்டிக்கொண்டிருந்தபோது கஸ்பார் வந்தார். கழுத்தில் மப்ளர். என் காதுக்குள் காற்றை ஊதினார். அது பேச்சு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"தொண்டை போச்சு தம்பி. பக்கத்து வீட்டுக்காரன் மொட்டமாடித் தண்ணிய என் வாசல்ல விடறான். நேத்து முழுக்கக் கத்துனேன். சுத்தமா அடைச்சிடுச்சு."

"ஐயையோ. அப்ப பாட்டு?"

"நான் வாய மட்டும் அசைக்கிறேன். நீ பாடிடு."

வாயை மட்டும் அசைக்கிறது என் வேலைய்யா! அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் எங்கே போவேன்? ஓடிவிடலாம் என்று கதவைப் பார்த்தேன். கதவை மறைத்துக்கொண்டு குமார் செல்போன் ஸ்டாண்டை முறுக்கிக்கொண்டிருந்தான்.

பாட்டு ஆரம்பித்தது. பெண்கள் பாடினார்கள், டெனர் சேர்ந்தது. நான் பழக்க தோஷத்தில் வாயசைத்தேன். கஸ்பாரைப் பார்த்தேன், அவரும் வாயசைத்துக்கொண்டிருந்தார். பேஸ் என்று ஒரு குரலே இல்லாமல் பாட்டு அந்தரத்தில் போய்க்கொண்டிருந்தது. எலன் அம்மாவின் நெற்றி சுருங்கிவிட்டது. அந்த நாலு வரி வந்தது. எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். அவர் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

நானும் கஸ்பாரும் வாயசைத்தோம். எலன் அம்மா கையை இன்னும் நீட்டினார். முதல் வரிசையில் தெரேஸ் மதாம் நாற்காலி நுனிக்கு வந்து, ஒரு காதை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு சும்மா நிற்க எனக்கு மனசு வரவில்லை. ஃபைலைத் திறந்தேன். மொரிஸ் அண்ணன் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. நீல மையில் இருந்ததை அப்படியே பார்த்துப் பாடினேன்.

அதைப் பாட்டு என்று சொல்லக் கூடாது. வோல்டேஜ் இல்லாத நேரத்தில் பழைய கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகுமே, முதலில் உறுமல், பிறகு நடுக்கம், பிறகு ஒரே ஓலம். எந்த ஸ்வரத்தில் எடுத்தேன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பயத்தில் குரல் இன்னும் பெருத்துவிட்டது. லத்தீன் வார்த்தை ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டி, எங்கள் வீட்டு வழக்கப்படி தெருமுனைக்குக் கேட்கிற மாதிரிப் பாடினேன். முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரியில் பாதிவரை போனேன். அடுத்து நீல மையில் என்ன இருந்ததோ அதையும் அதே ராகத்தில் இழுத்தேன்.

"இங்கே... மூச்சு... விடு... தம்பீ..."

பாடி முடித்த பிறகுதான் அது தமிழ் என்று எனக்கு உறைத்தது. அடைப்புக்குறிக்குள் எனக்காக எழுதி வைத்திருந்த குறிப்பு. நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில் மனுஷன் நிறுத்த மாட்டான், வேகத்தைக் கூட்டுவான். "இங்கே கஸ்பாரைப் பார்" என்பதையும் பாடினேன். "இங்கே மெதுவாக" என்பதை முழுச் சத்தத்தில் பாடினேன். பெண்கள் திரும்ப வந்து சேர வேண்டிய இடத்தில் பாதிப் பேர் என் சுருதிக்கு வந்தார்கள், பாதிப் பேர் பழைய சுருதியிலேயே நின்றார்கள். நடுவில் ஒரு டெனர்காரர் உட்கார்ந்துவிட்டார். எலன் அம்மா கையை மடக்கினார். நிறுத்தச் சொல்கிறாரா, இழுக்கச் சொல்கிறாரா? நான் இழுத்தேன்.

எப்படியோ முடிந்தது. தெரேஸ் மதாம் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. யாரோ தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். எலன் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தன் காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். நான் பேயடித்த மாதிரி நின்றேன். ஒரு பொம்பளை புருஷனைப் பறிகொடுத்து முப்பது நாள் ஆகிறது, ஆசைப்பட்டு நாலே வரி கேட்டார், அதையும் நாசம் பண்ணிவிட்டேன்.

ஆட்டோ மூலக்குளம் நெருங்கும்போது மாமியார் வாயைத் திறந்தார். "அந்தப் பாட்டுலயே நம்ம மாப்ள பாடுனது மட்டுந்தான் எனக்குப் புரிஞ்சுது."

குமார் அந்த வீடியோவை அன்றைக்கே சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டான்.

மூன்று வாரம் நான் கடற்கரைப் பக்கமே போகவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ரிப்பேருக்குக் கூப்பிட்டால் ஆளில்லை என்றேன். சாப்பாடு இறங்கவில்லை. செல்வி பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை.

"இன்னா பண்ணி வச்சிருக்கீங்கன்னு தெரியுதா? அந்தம்மா முகத்த நெனச்சா எனக்கே தூக்கம் வரல. இப்பிடி முக்காடு போட்டு உக்காந்தா ஆச்சா? நேராப் போய்க் கால்ல விழுந்துட்டு வாங்க."

பெரிய மார்க்கெட்டில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போனேன். தெரேஸ் மதாம் கதவைத் திறந்தார். நான் பழப் பையோடு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். "மதாம், மன்னிச்சிடுங்க, என்னால..."

"உள்ள வாங்க தம்பி. அந்த பேப்பர் இருக்கா? நீங்க பாத்துப் பாடுனீங்களே, அது."

அந்த ஃபைல் இன்னும் என் வண்டிப் பெட்டியில்தான் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். தாளை விரலால் தடவிப் பார்த்தார். "எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது," என்றார். "மூச்சு விடு தம்பின்னு நீங்க பாடுனதும் எனக்கு அவரே வந்து நின்ன மாதிரி ஆயிடுச்சு. அவர் அப்படித்தான். நான் சமைச்சா பின்னாடி நின்னு, இங்க உப்பு, இங்க அடுப்பக் கொறை. அன்னிக்கு அடக்க முடியாம சிரிச்சிட்டேன் தம்பி. அவர் போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சேன். இன்னும் என்னென்ன எழுதியிருக்காரு? எல்லாத்தையும் படிங்க."

பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. பாட்டு வரி முடிந்ததும், "மேலயும் ஏதோ இருக்கே, அது என்ன?" என்று விரலை வைத்தார்.

தாளின் மேல் ஓரத்தில், நீல மையில் இல்லை, பென்சிலில், சின்னதாக இருந்தது. நான் அதுவரை பார்க்காதது. அந்த நாலு வரிக்கு ஒரு அம்புக்குறி போட்டு எழுதியிருந்தார்: "தம்பி, இங்கே நாம் ரெண்டு பேரும் வாய் மட்டும். சத்தத்தைக் கஸ்பார் பார்த்துக்குவான்."

அன்றைக்குச் சலங்கை அறையிலிருந்து வந்தவர் "எனக்கும் அதேதான்" என்று சொன்னாரே. அவரும்தான் வாயசைத்திருக்கிறார், என் குட்டையும் அன்றைக்கே தெரிந்துகொண்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல். பாடாதவனுக்கு மூச்சுக் குறிப்பு எதற்கு என்றும் அப்போதுதான் புரிந்தது. பாடுகிறவன் மூச்சு விடுகிற இடத்தில் வாயசைக்கிறவனும் மூச்சு விட வேண்டும், இல்லாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். என் மானத்தைக் காப்பாற்ற அந்த மனுஷன் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எழுதியிருக்கிறார். இந்த அம்மாவோ நாலு வருஷம் முதல் வரிசையில் உட்கார்ந்து, அதில் பாதி நாள் இல்லாத குரலைத் தேடியிருக்கிறார்.

"என்ன தம்பி எழுதியிருக்காரு?"

"இந்த இடத்துல நல்லா சத்தமாப் பாடணும்னு எழுதியிருக்காரு மதாம்," என்றேன்.

"அதான் நீங்க அவ்வளவு சத்தமாப் பாடுனீங்க!" என்றார். "அவரும் அப்படித்தான் பாடுவாரா?"

"அவரப் பாத்துத்தான் நான் கத்துக்கிட்டேன்."

இதில் பொய் ஒன்றுமில்லை. தெரேஸ் மதாம் தாளை மார்போடு வைத்துக்கொண்டார். அதை நான் திரும்பக் கேட்கவில்லை. கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அடுத்த தடவை போனபோது அதற்குக் கண்ணாடி ஃபிரேம் போட்டு, மொரிஸ் அண்ணன் படத்துக்குப் பக்கத்தில், ஹாலுக்குள் நுழைந்தவுடனே தெரிகிற சுவரில் மாட்டியிருந்தார். பென்சில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

கொயரில் எனக்கு வேலை போய்விட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வருஷா வருஷம் நினைவு நாளுக்குத் தெரேஸ் மதாம் வீட்டில் என் கச்சேரி உண்டு. அந்த நாலு வரிதான், குறிப்போடு சேர்த்து. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் வருவார்கள். "சத்தமாப் பாடணும்னு அவரே எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு" என்று ஒவ்வொருவரிடமும் சுவரைக் காட்டிச் சொல்லுவார். வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அதனால் நான் போனவுடனே அந்த ஃபிரேமுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுவிடுவேன். அங்கேயே காபி, அங்கேயே கேக், அங்கேயே பாட்டு. கடைசி ஆள் போனால்தான் நகர்வேன். போட்டோவில் எல்லா வருஷமும் ஒரே இடத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று செல்வி கேலி பண்ணுவாள்.

இந்த வருஷம் யாழினி கூட வந்தாள். பாட்டு முடிந்து எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தபோது என் தோளுக்குப் பின்னால் தலை நீண்டது. தடுப்பதற்குள் படித்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத் தெரேஸ் மதாம் புதிதாக வந்த ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். "நீயே படிச்சிச் சொல்லு கண்ணு, தாத்தா என்ன எழுதியிருக்காருன்னு."

"சத்தமாப் பாடச் சொல்லியிருக்காரு மதாம்," என்றாள் என் மகள். சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். ஃபிரேம் முழுசாக மறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கச் சோம்பல்படுகிறவர், மோட்டார் போட மறந்தவர், செய்யாத வேலையைச் செய்தேன் என்று சாதிக்கிறவர் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "கஸ்பார் பாத்துக்குவான்." மாமியார்கூடச் சொல்லிச் சிரிக்கிறார். தெரேஸ் மதாமுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இதைத் தமிழில் எழுதியிருப்பதும் அவர் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான். படிக்கிற நீங்கள் யாராவது அந்த வீட்டுக்குப் போனால், தயவுசெய்து சுவரைப் பார்க்காமல் காபி குடித்துவிட்டு வாருங்கள்.